ஆயிலை நான் மாற்றினேன். கூலன்ட் பம்புக்கு வாரண்டி இல்லை என்பது என்ன நியாயம்?

அனுப்புநர்:
தங்கள் காரின் உரிமையாளர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வாரண்டி காலத்தில் பழுதான எலக்ட்ரிக் கூலன்ட் பம்பை (என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தைச் சுற்றவிடும் பம்ப்), என்ஜின் ஆயிலை வெளியில் மாற்றியதாகக் காரணம் காட்டி இலவசமாக மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் பெட்ரோல் டர்போ செடான் காரை வைத்திருக்கிறேன். வாரண்டி இன்னும் முடியவில்லை. சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும்போது அய்யம்பேட்டை அருகே என்ஜின் சூடேறிவிட்டதாகத் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன். உங்கள் அவசர உதவி வண்டி வந்து காரை ஏற்றிப்போய்த் திருச்சி சர்வீஸ் மையத்தில் சேர்த்தது. ஸ்கேனரில் பார்த்தவர்கள், "எலக்ட்ரிக் கூலன்ட் பம்பின் மோட்டார் நின்றுவிட்டது, வாரண்டியில் மாற்றித் தருகிறோம்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். மறுநாள் பேச்சு மாறிவிட்டது. "உங்கள் காரின் பதிவில் ஆயில் சர்வீஸ் ஒன்று விடுபட்டிருக்கிறது. அதனால் வாரண்டி செல்லாது. பம்புக்கும் கூலிக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்" என்றார்கள்.

அறுவடை நேரம். கார் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. அதனால் பணத்தைக் கட்டி, "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று பில்லின் நகலிலேயே எழுதிக் கையெழுத்திட்டு வண்டியை எடுத்து வந்தேன். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டுத்தான் இந்தக் கடிதம். ஆனால் பணத்தோடு முடிகிற விஷயமாக இதை நான் பார்க்கவில்லை.

முதலில் பம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய கார்களில் தண்ணீர் பம்ப் என்ஜினின் பெல்ட்டில் சுழலும். உங்கள் காரில் அது தனி மோட்டாரில் ஓடுகிறது. எப்போது எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை என்ஜின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. என்ஜினை அணைத்த பிறகும், டர்போவின் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சுழலி) சூடு தணியச் சிறிது நேரம் அது தானாக ஓடுகிற சத்தம் கேட்கும். அதன் வழியே ஓடுவது கூலன்ட் மட்டுமே. என்ஜின் ஆயில் ஒரு சொட்டுக்கூட அதன் பக்கம் வருவதில்லை. அப்படியிருக்க, ஆயிலை யார் மாற்றினார்கள் என்பதற்கும் இந்த மோட்டார் நின்றதற்கும் என்ன தொடர்பு? சர்வீஸ் மையத்தில் நேரில் கேட்டேன், மின்னஞ்சலிலும் கேட்டேன். "கம்பெனி விதி" என்ற ஒரே பதில்தான் வந்தது. எந்த விதி, வாரண்டி கையேட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அடுத்தது, விடுபட்டதாக நீங்கள் சொல்கிற அந்த ஆயில் சர்வீஸ். அது விடுபடவே இல்லை. ஓராண்டு அல்லது 15,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அது என்பது உங்கள் கணக்கு. அந்தத் தேதி வருவதற்கு முன்பே ஆயிலை மாற்றினேன். எங்கள் வீட்டு டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் டீசல் பம்ப்செட்டுக்கும் என் தகப்பனார் காலத்திலிருந்து நாங்களேதான் ஆயில் மாற்றுகிறோம். ஆனாலும் உங்கள் காருக்கு அந்தக் கைப்பழக்கம் மட்டும் போதும் என்று நான் இறங்கவில்லை. கையேட்டில் நீங்கள் குறித்திருக்கும் தரச் சான்று எண் டின்னின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் 5டபிள்யூ-30 என்ற தடிமன் வகை ஆயிலை வாங்கினேன். ஆயில் பில்டர், அதன் மூடிக்கான ரப்பர் வளையம், ஆயில் வடிக்கும் துளையை அடைக்கும் டிரெயின் நட்டுக்கான புது வாஷர் ஆகிய மூன்றையும் உங்கள் திருச்சி மையத்தின் உதிரிபாகக் கவுண்டரிலேயே வாங்கினேன். என் காரின் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டுதான் பில் போட்டார்கள். அந்தப் பில்லை இத்துடன் இணைத்திருக்கிறேன். எதற்காக வாங்குகிறேன் என்று விற்றவர்களுக்கும் தெரியும்.

வேலையை எப்படிச் செய்தேன் என்பதையும் எழுதுகிறேன். "வெளியில் யாரோ கண்டபடி செய்தது" என்று உங்கள் மேலாளர் சொன்ன சொல் என் மனத்தை விட்டுப் போகவில்லை. எங்கள் டிராக்டர் கொட்டகையில் கான்கிரீட்டில் கட்டிய சரிவு மேடை இருக்கிறது. ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் படுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. என்ஜினை மிதமாகச் சூடாக்கி, மேடையில் ஏற்றி, கை பிரேக் போட்டு, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்தேன். அடித்தட்டின் நட்சத்திரத் தலை திருகுகளைக் கழற்றி வரிசையாக ஒரு தட்டில் வைத்தேன். ஆயில் கடைசிச் சொட்டு வரை வடியக் காத்திருந்தேன். பில்டர் மூடியின் தலையில், இறுக்க வேண்டிய அளவு 25 நியூட்டன் மீட்டர் என்று நீங்களே எழுத்துப் பொறித்திருக்கிறீர்கள். புது ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் உட்காரவைத்து, அதன்மேல் விரலால் ஆயில் தடவி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் அந்த 25-ஐ வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை இறுக்கினேன். டிரெயின் நட்டைப் புது வாஷரோடு, அதற்குரிய அளவில் முறுக்கினேன். பழைய பில்டரின் மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் ஏதாவது மின்னுகிறதா என்று டார்ச் விளக்கில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் மையத்தில் நான் பணம் கொடுத்துச் செய்த சர்வீஸில் பழைய பில்டரை என் கண்ணில் காட்டியது கிடையாது.

ஆயிலை மாற்றியது உண்மைதானா என்று சந்தேகம் இருந்தால், இப்போது என்ஜினில் இருக்கும் ஆயிலிலேயே மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள், செலவை நான் ஏற்கிறேன் என்றும் அங்கே சொன்னேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "கார்த் திரையிலேயே ஆயில் சர்வீஸ் தாண்டிவிட்டது என்று வருகிறதே" என்றார்கள். அந்தத் திரை ஆயிலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. முந்தைய சர்வீஸ் தேதியையும் அதற்குப் பிறகு ஓடிய தூரத்தையும் வைத்துச் சொல்கிறது. ஆயிலை மாற்றியதும் அந்தக் கணக்கை முதலிலிருந்து தொடங்க உரிமையாளருக்கு வழி வேண்டும். என் காரில் அதற்கு உங்கள் ஸ்கேனர்தான் வேண்டும் என்று பூட்டி வைத்திருக்கிறீர்கள். பதிவை எழுதும் அதிகாரத்தை முழுவதும் உங்கள் கையில் வைத்துக்கொண்டு, பதிவில் இல்லை என்று என்னைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? முன்பெல்லாம் காரோடு சர்வீஸ் புத்தகம் தருவீர்கள். வெளியில் செய்த வேலையையும் தேதி போட்டு எழுதி வைக்கலாம். இப்போது அதுவும் கிடையாது. எல்லாம் உங்கள் சர்வரில் இருக்கிறது. அதில் என் பில்லை ஏற்ற எனக்கு இடமில்லை.

டிப்ஸ்டிக் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய காரில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. சமதரையில் நிறுத்தி, என்ஜின் முழுச் சூட்டில் ஓடிக்கொண்டிருக்க, திரையில் ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒரு கோடு ஏறி இறங்கி, 'சரி' என்கிறது. அளவு தெரிகிறது, ஆயில் தெரிவதில்லை. குச்சியை உருவிப் பழந்துணியில் துடைத்தால் நிறம் தெரியும், விரல் நடுவில் தேய்த்தால் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தெரியும், மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசம் அடிக்கிறதா என்று தெரியும். எங்கள் பகுதியில் இது அவசியத் தேவை. நான் ஓட்டுவது பெரும்பாலும் சின்னச் சின்ன ஓட்டம். ஊரிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு, அங்கிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து வங்கிக்கு. நேரடி ஊசிமுறையில், அதாவது சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் பாயும் என்ஜின் சூடாவதற்குள் அணைந்து அணைந்து ஓடினால், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் போய்ச் சேரும். நீண்ட தூரம் ஓடினால் அவை ஆவியாகிப் போகும். இந்த ஓட்டத்தில் போகாது. ஆயில் நீர்த்துப்போகும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு அந்த ஆயில் படலத்தின்மேல்தான் மிதக்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் தூசியும் நெல் சுனையும் சாலை முழுக்க இருக்கும்; பாதிச் சாலையில் நெல் காயும்; அதற்கு நடுவே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் போக வேண்டும். கடினமான சூழலில் ஓடும் காருக்கு ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள் என்று உங்கள் கையேடே சொல்கிறது. அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் இதற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சிக்குப் போய், வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வா என்றால், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடத்தான் ஆட்கள் பழகுவார்கள். என்ஜினுக்கு அது நல்லதா?

சட்டமும் என் பக்கம் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது தனி விஷயம். அந்த உத்தரவில் ஆணையம் சொன்ன கருத்து எனக்கு முக்கியம்: வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் ஏற்பட்டதோ, அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்த்த நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. கூலன்ட் பம்ப் மோட்டாரில் என் ஆயில் என்ன சேதம் செய்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

இன்னொன்று. வடித்த பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றிக்கொண்டு திருச்சி மையத்துக்குப் போனபோது, அதை வாங்கிக்கொள்ள மறுத்தார்கள். எங்கள் பக்கத்தில் பழைய ஆயில் கரையானுக்காக மாட்டுக்கொட்டகைக் கால்களில் பூசப்படும். மிஞ்சியது வடிகாலில் போகும். அந்த வடிகால் குடமுருட்டியிலும் அரசலாற்றிலும் கலக்கிறது. அந்த நீர் வயலுக்கு வருகிறது. நெல் விளைகிற மண்ணில் நான் அதை ஊற்ற மாட்டேன். பழைய ஆயில் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. உங்கள் மையத்திலும் தினமும் பீப்பாய் பீப்பாயாக ஆயில் வடிகிறது, அதை அங்கீகாரம் பெற்றவர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். என் சில லிட்டரையும் அந்தப் பீப்பாயில் ஊற்ற விட்டிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? கடைசியில் தஞ்சாவூரில் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், சேகரிப்பவரிடம் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். இதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

திருச்சி மையத்தில் கையில் கிரீஸோடு வேலை செய்யும் பிள்ளைகள் மீது எனக்குக் குறை இல்லை. பம்பைச் சுத்தமாக மாற்றிக் கொடுத்தார்கள். குறை, மேலிருந்து வருகிற முடிவின் மீதுதான்.

பம்புக்கும் கூலிக்கும் நான் கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். நான் மாற்றிய ஆயிலையும் பில்டரையும், இணைத்திருக்கும் பில்களின்படி, என் காரின் சர்வீஸ் பதிவில் தேதியோடு ஏற்றுங்கள். மீதி வாரண்டி காலம் முழுக்க அது செல்லும் என்று எழுத்தில் தாருங்கள். திரையில் நிற்கும் தவறான எச்சரிக்கையைக் கட்டணமின்றி நீக்குங்கள். இனி உரிமையாளரே நீக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். பழைய ஆயிலை உங்கள் மையங்களில் வாங்கிக்கொள்ள உத்தரவிடுங்கள். மறுப்பதாக இருந்தால், எந்த விதியின் கீழ், எந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் என்று உங்கள் பொறியாளரின் கையெழுத்தோடு பதில் வேண்டும். "கம்பெனி விதி" என்ற பதிலை ஏற்க மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதற்காக உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் நகரத்துக்கு நான் வர வேண்டியதில்லை.

இணைப்பு: ஆயில் டின்னின் பில், உங்கள் கவுண்டரில் வாங்கிய பில்டர், ரப்பர் வளையம், வாஷர் பில், வேலையின்போது எடுத்த படங்கள், எதிர்ப்புடன் பணம் கட்டிய பில்லின் நகல், மின்னஞ்சல் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் காரின் உரிமையாளர்,
பாபநாசம் வட்டம்.