பழைய டிரெய்லருக்கு எஃகுப் பட்டை பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய பயண டிரெய்லர்களைப் புதுப்பிப்பவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அந்தச் சிறு வீடுகளின் மீது இங்குள்ளவர்களுக்கு இருக்கும் பற்றைக் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆனால், உடைந்தோ தொலைந்தோ போன அலங்கார உலோகப் பட்டைகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகில் புதியவற்றைச் செய்து பொருத்தினால் ஆயுள் முழுவதும் கவலையில்லை என்று அவர் எழுதியிருப்பதை, தகட்டு வேலையில் பழகியவனும் ஓஹியோ மாநிலத்தில் வசிப்பவனுமாகிய என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டுரையில் இடம்பெற்ற ஷாஸ்டா டிரெய்லரையே எடுத்துக்கொள்வோம். 1941-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அந்நிறுவனத்தின் வண்டிகள், விமானத்தைப் போல ரிவெட் அடித்துக் கட்டப்படும் ஏர்ஸ்ட்ரீம் வகையைச் சேர்ந்தவை அல்ல. உள்ளே மரச்சட்டம், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு என்பதே அவற்றின் கட்டுமானம். பக்கத் தகடும் கூரைத் தகடும் சந்திக்கும் விளிம்பை மூடுவதற்காகவே ஓரப்பட்டை பொருத்தப்படுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது அலங்காரம். வண்டிக்கோ மழைநீரைத் தடுக்கும் மூடி. அந்த இணைப்பில் நீர் இறங்கினால் மரச்சட்டம் உளுத்துப்போகும். வெளியே பளபளப்பு குறையாததால் உள்ளே நடப்பது பல ஆண்டுகள் தெரியாமலே இருக்கும்.

அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் இருந்தால், மின்வேதி அரிப்பினால் கரைவது அலுமினியமே. எஃகின் பரப்பு கூடக்கூட அரிப்பும் விரைவாகும். ஆகவே அகன்ற அலுமினியத் தகட்டில் சிறிய எஃகுத் திருகாணிகளை, கசிவுதடுப்புப் பசையோடு முடுக்குவதால் பெரிய கேடு வருவதில்லை. நீளமான எஃகுப் பட்டையை விளிம்பு முழுவதும் பதிப்பது வேறு கதை. அதிலும் குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புத் தூவும் எங்கள் பகுதியில், பட்டை புதிதாகவே இருக்க அதன் அடியிலுள்ள ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையான தகடு அரித்துப்போகும். இனி கிடைக்காத பொருள் அந்தத் தகடுதான்.

அலுமினியத்திலேயே செய்வது அப்படியொன்றும் கடினமன்று. திருகாணித் தலைகளை மறைக்கும் வினைல் பட்டை பதிய நடுவில் பள்ளம் விட்ட நீண்ட ஓரப்பட்டைகள், அச்சின் வழியாகப் பிதுக்கி எடுக்கப்படுபவை. அவற்றைக் கையால் செய்ய முயல்வது வீண். அதே வடிவிலோ நெருங்கிய வடிவிலோ இங்கு விலைக்குக் கிடைக்கின்றன. கையால் செய்யத் தகுந்தவை, பின்புறத்தில் இருபக்கமும் நிற்கும் சிறகுகள், மூலை மூடிகள், வரிவரியாக மேடு எழும்பிய முகப்புத் துண்டுகள் போன்றவையே.

இவற்றுக்கு எளிதில் வளையும் 3003 வகை அலுமினியத் தகடு, ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த கனத்தில் போதும். கெட்டியான 6061-டி6 தகட்டை வாங்கிவிட்டு, வளைக்கும்போது விரிசல் விடுகிறது என்று புலம்புவோர் உண்டு. மூலத்துண்டின் வடிவத்தைக் கடின மரத்தில் குடைந்து, அதன் மேல் தகட்டை வைத்து, மற்றொரு மரப்பலகையால் இறுக்கிப் பிடித்து, கொட்டாப்புளியாலும் முனை மழுங்கிய மரக்கட்டையாலும் சிறிது சிறிதாகப் பள்ளத்தில் இறக்க வேண்டும். ஒரே இடத்தில் முழு ஆழத்தையும் எட்ட அவசரப்படாமல், மேடு முழுவதும் பலமுறை சுற்றி வருவதே முறை. இடது சிறகுக்குச் செய்த அச்சு வலது சிறகுக்கு உதவாது. கண்ணாடி பிம்பமாக இன்னொன்று வேண்டும்.

அடிக்க அடிக்கத் தகடு விறைக்கும். அப்போது சூடாக்கி மறுபடி மென்மையாக்க வேண்டும். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ நிறம் மாறாமலே இருந்து 660 டிகிரி செல்சியஸை ஒட்டித் திடீரென உருகி விழுந்துவிடும். இதற்குப் பட்டறைக்காரர்கள் கையாளும் எளிய வழி, தகட்டின் மேல் சாதாரண சோப்பைத் தேய்த்துவிட்டுத் தீச்சுடரை அசைத்தபடி காட்டுவது. சோப்பு கருத்தவுடன் சுடரை எடுத்துவிட வேண்டும். அந்தத் தகடு ஆறியபின் புதுத்தகடு போல வளைந்து கொடுக்கும். தொடர்ந்து வாங்கும் அடியிலேயே அதற்குத் தேவையான விறைப்பு திரும்பிவிடும்.

பொருத்தும்போது பட்டையின் அடியில் சிலிகான் பூசுவதையும் கட்டுரை பரிந்துரைக்கிறது. சிலிகான் ஒட்டிய இடத்தில் பிறகு வண்ணமும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. பழுது பார்க்க வருபவர் சபிப்பார். ரப்பர் போன்ற ஒட்டும் பியூட்டைல் நாடாவைப் பதித்து, திருகாணிகளை ஓரிரு நாள் இடைவெளியில் மீண்டும் ஒருமுறை மெதுவாக முடுக்கி, பிதுங்கியதை மரச்சீவலால் வழித்தெடுப்பதே நல்லது.

ஷாஸ்டா பெயரை இப்போது வைத்திருக்கும் நிறுவனம், 1961-ஆம் ஆண்டின் ஏர்ஃப்ளைட் மாதிரியை 2015-ல் 1,941 வண்டிகளாக மறுபடியும் வெளியிட்டது, சிறகும் இருந்தது. அதன் உறுப்புகள் பழைய வண்டிக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணி வாங்குவதற்கு முன், தங்கள் வண்டியின் திருகாணித் துளைகளையும் வளைவையும் அட்டையில் படியெடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

இந்நாளிதழை இங்கு படிப்பவர்களில் இத்தகைய வண்டியை வாங்கிச் சீரமைப்பவர்களும் இருக்கக்கூடும் என்பதால், எஃகுப் பட்டை பற்றிய பரிந்துரைக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஓஹியோ, அமெரிக்கா.