மரத்தண்டையும் பாருங்கள்: போர்னியோ வனத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

சபா, சரவாக், கலிமந்தான், புருனை வனத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

உங்கள் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு குள்ள அணிலுக்காக (Exilisciurus exilis) எழுதுகிறேன். தலையும் உடலும் சேர்ந்து சுமார் 7 சென்டிமீட்டர். எடை 17 கிராம் அளவில்தான். சிட்டுக்குருவிகூட அதைவிடக் கனம். 1838இலேயே அறிவியல் பெயர் வாங்கிவிட்ட பிராணி. ஆனாலும் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

இதைப் பார்க்க நினைப்பவர் அண்ணாந்தும் பார்க்கக் கூடாது, தரையையும் பார்க்கக் கூடாது. நடுமரத்தில் கண்ணை வைத்துக் காத்திருக்க வேண்டும். பட்டையோடு பட்டையாக இருந்த பழுப்பு சட்டென்று அசையும். உடம்புக்கு மீறிய பெரிய கண்கள். விறுவிறுவென்று ஏறும், நிற்கும், பட்டையைக் கொறிக்கும். அடுத்த நொடி தண்டைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். பட்டையும், அதில் படரும் லைக்கனும் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் படலம்), எறும்பு போன்ற சிறு பூச்சிகளும்தான் சாப்பாடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காட்டில் என்னென்ன இருக்கின்றன என்று அறியத் தானியங்கிக் கேமராக்களை மரத்தில் கட்டுகிறார்கள். அவை பெரும்பாலும் தரையைப் பார்த்தபடி இருக்கின்றன. படைச்சிறுத்தை பதிவாகும், காட்டுப்பன்றி பதிவாகும். கேமரா கட்டிய அதே மரத்தில், அதன் முதுகுப்பக்கமாகவே இந்த அணில் ஏறிப் போனாலும் படத்தில் வராது. படத்தில் வராததைக் காட்டிலேயே இல்லை என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

2007இல் தீவைப் பங்கிட்டிருக்கும் மலேசியா, இந்தோனேசியா, புருனை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து, சுமார் 2,20,000 சதுர கிலோமீட்டரைப் ‘போர்னியோவின் இதயம்’ என்று காக்க உறுதி எடுத்தீர்கள். பெரிய காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதில் பெரும்பகுதி உள்நாட்டு மலைப்பகுதி. இந்த அணிலோ தாழ்நிலத்திலும் குன்றுகளிலும் உள்ள டிப்டெரோகார்ப் என்ற நெடிய மரங்களின் காட்டை நம்பி வாழ்கிறது. மரவெட்டும் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமும் முதலில் கேட்பது அந்த நிலத்தைத்தான். செம்பனையிலோ இந்த அணில் கொறித்துத் தின்ன உண்மையான பட்டையே கிடையாது.

அதனால், ஒரு காட்டை வெட்ட உரிமம் தரும் முன், பகல் வேளையில் ஆட்களை மெதுவாக நடக்கவிட்டு மரத்தண்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த அணில் பகலில் நடமாடுவது, கண்ணில் படும். அப்புறம், ஏற்கெனவே தோட்டமாகிவிட்ட இடங்களில் ஆற்றங்கரைக் காட்டையாவது இடையில் அறுபடாமல் விட்டுவையுங்கள்.