நசரே ஊராருக்கு ஒரு நன்றி மடல்

போர்ச்சுகல் கடற்கரையிலுள்ள நசரேயின் அன்புள்ள ஊராருக்கு,

வணக்கம். எனக்கு உங்கள் போர்த்துக்கீசு வராது, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். அறை கொடுத்த பாட்டியின் பேத்தி கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். கோணல்மாணலாக வந்தால் பழி அந்தக் கைபேசிக்கு.

பாட்டி, முதலில் உங்களுக்கு. செப்டம்பர் 7 சாயங்காலம், லிஸ்பனிலிருந்து 120 கிலோமீட்டர் பேருந்தில் வந்து இறங்கினால், பதிவு செய்திருந்த அறை இல்லையென்று செய்தி வருகிறது. மறுநாள் நசரே மாதா திருநாள், ஊரில் கால் வைக்க இடமில்லை. அந்தத் தேதியைக் கேட்டவரே அம்மாதான். நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரர், வயது 67. வேளாங்கண்ணிக்கும் அதே செப்டம்பர் 8 தானே என்று பிடிவாதம். இப்போது பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அப்போதுதான் பாட்டி, உங்களைப் பார்த்தோம். கடற்கரைச் சாலையோரம் நாற்காலி போட்டு, 'அறை' என்று நாலு மொழியில் எழுதிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

மாடியேறியதும் "ஷாவ்" என்று ஒன்றை நீட்டினீர்கள். "சாவி" என்று வாங்கிக்கொண்டார் அம்மா. நீங்கள் திரையை விலக்கி "ஜனெலா" என்றீர்கள். அம்மா "ஜன்னல்" என்றார். அடுத்தது "மேசா", மேசை. அப்புறம் இரண்டு பேரும் அறையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். உங்கள் கப்பல்காரர்கள் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்கள் என்று நான் விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் பாறை மேட்டின் மேல் இருக்கும் சீத்தியோ என்ற ஊர்ப்பகுதிக்கு ஏறிவந்தோம். கோயிலில் அந்தச் சின்னக் கறுப்பு மாதாவைப் பார்த்துவிட்டு, பாறை விளிம்பில் நின்றோம். கீழே 110 மீட்டர். 1182இல் மூடுபனியில் மானைத் துரத்திவந்த ஃபுவாஸ் ரோப்பீனியோ என்ற பிரபுவின் குதிரை மாதா அருளால் இந்த விளிம்பில்தான் சட்டென்று நின்றது என்பது உங்கள் ஊர்க்கதை. அந்தக் குதிரைக்கு இருந்த நிதானம் எங்களுக்கு இல்லை. 1889 முதல் ஓடும் மலை ரயிலில் கூட்டம் அதிகம் என்று படிவழியே இறங்கப் போய், மூன்றாவது படியிலேயே அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது.

கடலை, பருப்பு விற்றுக்கொண்டிருந்த அக்கா, நீங்கள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, கணுக்காலைச் சுற்றி எட்டுப் போல இரண்டு சுற்று, பல்லால் இழுத்து ஒரு முடிச்சு. அதோடு விடவில்லை, அம்மாவைத் தோளில் சாய்த்து ரயில் வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். அந்த வரிசையில் முகம் சுளிக்காமல் விலகி நின்ற அத்தனை பேருக்கும் நன்றி.

நடக்க முடியாததால்தான் அடுத்த இரண்டு நாளும் அம்மாவுக்குக் கருவாடு காயவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும் யோகம் வாய்த்தது. மணலில் மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய வலை, வலைமேல் புத்தகம் விரித்த மாதிரி பிளந்த மீன். நீங்கள் கரப்பாவ் என்கிறீர்கள், எங்களுக்குப் பாரை வகை. வயிற்றைக் கீறிக் குடலெடுத்து, உப்புநீரில் போட்டு விரிப்பதை அம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, "உப்பு பத்தாது" என்றார். பேத்தி மொழிபெயர்த்ததும் அங்கிருந்த அக்காமார் சிரித்த சிரிப்பு! ஒரு நாள் மட்டும் காய்ந்ததை அன்று ராத்திரி பாட்டி சுட்டு, சோறும் வடித்துப் போட்டார். லிஸ்பனில் ஒரு வாரம் ரொட்டியும் காபியுமாக இருந்த அம்மா இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டார்.

உங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தும் ஏழு பாவாடைக் கதையையும் அங்கேதான் கேட்டோம். 1980களில் துறைமுகம் வரும்வரை படகுகளைத் திறந்த கடற்கரையிலிருந்தே அலைக்குள் தள்ளவேண்டும்; திரும்பும் வரை பெண்கள் மணலில் காத்திருப்பார்கள், குளிருக்கு ஒரு பாவாடை தலைக்கு, ஒன்று காலுக்கு. அம்மா ஒரு அக்காவின் பாவாடைகளை எண்ணிப் பார்த்தார். நாலுதான். ஏழும் திருவிழாவுக்காம்.

ஊர் திரும்பியதும் இங்கே எல்லோரும் உங்கள் ஊரின் ராட்சத அலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 5,000 மீட்டர் ஆழம் வரை போகும் கடலடிப் பள்ளத்தாக்கு உயர்த்திவிடும் அலைகள், 2020இல் அலைச்சறுக்கில் சாதனை படைத்த 26.21 மீட்டர் அலை எல்லாம் அக்டோபருக்கு மேல் வரும் சமாச்சாரம். செப்டம்பரில் கடல் சாதுவாகத்தான் கிடந்தது.

கடலை விற்கும் அக்கா, உங்கள் தலைத்துணி இப்போது துவைத்து மடித்து அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. (அலமாரியும் உங்கள் சொல்தான்.) தபாலில் அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். நேரில் போய்க் கொடுப்போம் என்கிறார்.

அன்புடன்,
கால் பிசகிய அம்மாவின் மகள்