புகார்: இரண்டு யு ஜாயிண்ட்டுக்குப் பணம், மாற்றியது ஒன்று

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர்,
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: முன் ஆக்ஸில் யு ஜாயிண்ட் மாற்றியதில் முறைகேடு, பணத்தைத் திருப்பித் தரவும் சேதத்துக்கு ஈடு செய்யவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். என் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பின் முன் ஆக்ஸிலில் தேய்ந்துபோன யு ஜாயிண்ட்டுகளை, அதாவது சக்கரம் திரும்பினாலும் அதற்குச் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் இணைப்புகளை, மாற்றுவதற்காக உங்கள் சர்வீஸ் மையத்தின் கிண்டிக் கிளையில் வண்டியை விட்டேன். இடது, வலது இரண்டுக்கும் பில் போட்டீர்கள். இரண்டுக்கும் கூலி வாங்கினீர்கள். மாற்றியிருப்பது வலதுபக்கம் மட்டுமே. அதையும் தொடாமல் விட்டிருந்தால் வண்டி பிழைத்திருக்கும். கிளை மேலாளரிடம் நேரிலும் தொலைபேசியிலும் பேசிப் பார்த்துவிட்டேன். "பார்க்கிறோம் சார்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கோளாறு என்ன என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் முன்பக்கம் கடக் கடக் என்று சத்தம் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் ஓடிய எந்த வண்டிதான் ஆக்ஸில் நனையாமல் ஓடியது? சீல் வழியாகத் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கரையும், ஜாயிண்ட்டின் ஊசி பேரிங் துருப்பிடிக்கும், பிறகு அதன் நடுவில் சிலுவை வடிவில் இருக்கும் கிராஸின் காலில் பள்ளம் விழும். உங்கள் மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகி, இரண்டு பக்கமும் இருந்த ஆட்டத்தை என்னை அழைத்துக் காட்டினார். அந்த மனிதரின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேலையைச் செய்தவர் அவர் அல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

வண்டியை எடுத்துவந்த சில நாட்களிலேயே, மேடவாக்கத்தில் யு டர்ன் எடுக்கும்போது வலது முன்சக்கரத்தில் ஏதோ வெடித்தது போன்ற சத்தம் கேட்டது. வண்டி அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் மாநகரப் பேருந்து. ஓட்டுநர் என்னைத் திட்டியதில் நியாயம் உண்டு, அதை உங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும். இழுவை வண்டி பிடித்து, எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஹப்பைக் கழற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்திருக்கிறேன்.

கிராஸின் காலை ஊசிகளோடு மூடியிருக்கும் கப்புகளில் ஒன்று வெளியே வந்து, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளில் உரசி வடு போட்டிருந்தது. கப் போன பிறகு கிராஸ் நிலையில்லாமல் ஆடி, கப்பைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட்டின் யோக் காதை உடைத்துவிட்டது. கப் ஏன் வெளியே வந்தது என்பது அதன் எதிர்ப்பக்கத்துக் கப்பைப் பிரித்தபோது விளங்கியது. உடைத்த சேமியாத் துண்டு அளவே உள்ள ஓர் ஊசி, கப்பின் ஓரத்தில் நிற்க வேண்டியது, அடியில் படுத்துக் கிடந்தது. கப்பைப் பொருத்தும்போது ஊசிகள் சாயாமல் கிரீஸில் ஒட்டவைத்து, வைஸிலோ பிரஸ்ஸிலோ நிதானமாக அழுத்த வேண்டும். உங்கள் ஆள் சுத்தியலால் அடித்திருக்கிறார். யோக் காதில் அடி விழுந்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. ஊசி அடியில் கிடந்தால் கப் முழுதாக உள்ளே போகாது, கப்பைப் பூட்டும் வளையமான சர்க்கிளிப் உட்கார வேண்டிய காடியும் முழுதாகத் திறக்காது. அந்த இடத்தில் கப்பை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் வேலை தெரிந்தவர் செய்வது. இங்கே சர்க்கிளிப்பைக் கிரைண்டரில் தேய்த்து, மெல்லியதாக்கித் திணித்திருக்கிறார்கள். தேய்த்த கோடுகள் கண்ணுக்கே தெரிகின்றன. பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

ஷாஃப்ட்டை வெளியே இழுத்தபோது அதன் முனையில் உள்ள பற்களான ஸ்பிளைனை ஆயில் சீலின் மேல் உரசியும் இருக்கிறார்கள். சீல் உதடு கிழிந்து, கியர் ஆயில் ஆக்ஸில் குழாய் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

இனி இடதுபக்கம். உங்கள் பில்லில் 'கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயிண்ட், இரண்டு' என்று இருக்கிறது. வலதில் கிரீஸ் ஏற்றும் அந்த நிப்பிள் இருந்தது. இடதில் இல்லை. மறைவாக இருக்குமோ என்று டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். அங்கே இருப்பது தொழிற்சாலையில் பொருத்திவிட்ட, நிப்பிளே இல்லாத பழைய ஜாயிண்ட். மேலே கருப்புப் பெயிண்ட் மட்டும் புதிது. சர்க்கிளிப்பும் துருவும் பெயிண்ட்டும் ஒரே பூச்சாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கழற்றி மாட்டியிருந்தால் அப்படி இருக்க வழியே இல்லை. வலதுபக்கம் நடந்ததைக் கைப்பிழை என்று வேண்டுமானால் சொல்லுங்கள். இடதுபக்கத்துக்கு என்ன பெயர் சொல்வீர்கள்?

பழைய ஜாயிண்ட்டுகளைத் தாருங்கள் என்று வண்டி எடுக்க வந்த அன்றே கேட்டேன். "ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம்" என்றார்கள். அன்று அதை நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை.

சர்வீஸ் ஆலோசகர் ஒரு விளக்கம் சொன்னார்: காட்டுப்பாதையில் ஓட்டியதால் உடைந்தது, அதற்கு உத்தரவாதம் பொருந்தாதாம். வண்டி உடைந்தது மேடவாக்கத்துத் தார்ச்சாலையில். போகட்டும், இந்த வண்டியின் முன் ஹப்பில் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பு கிடையாது. லீவர் டூ வீல் டிரைவில் இருந்தாலும் சக்கரம் சுற்றினால் ஷாஃப்ட்டும் யு ஜாயிண்ட்டும் சேர்ந்தே சுற்றும். நூறடிச் சாலையில் காய்கறி வாங்கப் போனாலும் அப்படித்தான். மண்பாதைக்கென்றே செய்த வண்டியைப் பழுதுபார்ப்பதாக விளம்பரம் செய்துவிட்டு, மண்பாதையைக் காரணம் காட்டுவது உங்களுக்கே சிரிப்பாக இல்லையா? பில்லின் பின்பக்கத்தில் ஆறு மாத உத்தரவாதம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மண்பாதை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

நான் கேட்பது இவைதான். இடதுபக்க ஜாயிண்ட்டின் விலையும் கூலியும் முழுதாகத் திரும்ப வர வேண்டும். வலதுபக்கத்துக்குப் புதிய ஆக்ஸில் ஷாஃப்ட், ஜாயிண்ட், ஆயில் சீல் ஆகியவற்றின் விலையையும் இழுவை வண்டிக்கு நான் கொடுத்த தொகையையும் நீங்கள் ஏற்க வேண்டும். உடைந்த காதை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்று கிளையில் சொன்னார்கள். ஸ்டீயரிங் திரும்பும் சக்கரத்தில் ஒட்டுப்போட்ட ஷாஃப்ட்டை நான் ஏற்க மாட்டேன். மறுவேலை உங்கள் கிளையிலும் வேண்டாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகம் வாங்கி, நான் சொல்லும் பட்டறையில் வேலை முடித்து, பில்களை அனுப்புகிறேன்.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது. தேய்த்த சர்க்கிளிப், கப்பின் அடியில் கிடந்த ஊசி, உடைந்த ஷாஃப்ட் மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இடதுபக்கத்தை இன்னும் கழற்றவில்லை. உங்கள் பொறியாளர் முன்னிலையில்தான் கழற்றப் போகிறேன். அவரைக் காலையில் அனுப்புங்கள். மதியத்துக்கு மேல் பட்டறை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஜாப் கார்டு நகல், இழுவை வண்டி ரசீது, படங்கள்.