மூன்றரை ரூபாய் வளையத்துக்கு வரம்பில்லாத பொறுப்பா?

சிறு தொழிற்கூடங்களிடம் உதிரிபாகம் வாங்கும் பெரிய நிறுவனங்களின் பர்சேஸ் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். கோவையில், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் ஓ-ரிங்கும் (வளையம்) கேஸ்கெட்டும் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. உங்களில் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் புதிய சப்ளை ஒப்பந்தம் வந்தது. இறுதிப் பொருளால் யாருக்கு என்ன சேதம் வந்தாலும், வழக்குச் செலவு உட்பட முழுவதையும் சப்ளையரே ஏற்க வேண்டும் என்கிறது அதன் பதினான்காம் பிரிவு. தொகைக்கு வரம்பு கிடையாது. கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆர்டர் என்று போனிலும் சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். என் மேசை மேல் ஒரு கறுப்பு வளையம் இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் போல் அமுங்காது. லேசாக வளைத்தாலே வெடிப்பு தெரியும். நைட்ரைல் ரப்பரில், ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 70 என்ற கடினத்தில், குளிர்ந்த தண்ணீர் பம்புக்கென்று நாங்கள் செய்து கொடுத்தது. விலை மூன்றரை ரூபாய். அளவு ஒன்றுதானே என்று அதையே சோலார் வாட்டர் ஹீட்டரின் சுடுநீர் இணைப்பில் போட்டிருக்கிறார்கள். சுடுநீரிலேயே கிடந்தால் நைட்ரைல் நாளடைவில் இறுகிப்போகும். அந்த இடத்துக்கு, சுடுநீரைத் தாங்கும் வேறு வகை ரப்பரான இ.பி.டி.எம்.தான் சரி. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை. டிராயிங்கில் இருந்ததெல்லாம் அளவும் 'கறுப்பு ரப்பர், 70' என்ற ஒரு வரியும்தான்.

வளையம் கசிந்து, ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரின் தோளில் சுடுநீர் கொட்டியது. அவருக்கு இழப்பீடு கொடுத்தது சரியான செயல். தாமதிக்காமல் கொடுத்ததற்கு அந்த நிறுவனத்தை மதிக்கிறேன். ஆனால் அடுத்த வாரமே அந்தத் தொகை முழுவதையும் எங்கள் கணக்கில் கழிப்பதாக டெபிட் நோட் வந்தது. நாங்கள் அனுப்பிய லாட்டைச் சோதித்தார்களா? இல்லை. எங்கள் கொட்டேஷனில் 'குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்' என்று எழுதியிருந்ததைப் படித்தார்களா? அதுவும் இல்லை. வரவேண்டிய பில்லில் பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதம் பட்டறையில் ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்க என் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்கள் சட்டப் பிரிவுக்கு மனப்பாடமாக இருக்கும். பாகம் செய்கிறவரையும் அது உற்பத்தியாளர் என்றே சொல்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 87ஆம் பிரிவையும் படியுங்கள். இன்னொரு பொருளில் சேர்ப்பதற்கென்று விற்ற பாகத்துக்கு, வாங்கியவரிடம் தேவையான எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டால், எச்சரிக்கை போதவில்லை என்ற வழக்கில் பாகம் செய்தவர் பொறுப்பாக மாட்டார் என்று அது சொல்கிறது. சட்டம் கொடுத்த அந்தச் சிறிய நிழலையும் உங்கள் பதினான்காம் பிரிவு பிடுங்கிக்கொள்கிறது.

இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். சரி, விசாரித்தோம். ஒப்பந்தத்தில் நாமாகவே ஏற்றுக்கொள்ளும் கூடுதல் பொறுப்பைப் பொதுவாக பாலிசி ஏற்காது. அதாவது நீங்கள் கையெழுத்துக் கேட்கும் அந்த ஒரு வாசகத்துக்குத்தான் பாலிசி கைகொடுக்காது.

அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. வைடெக் என்ற நிறுவனம் செய்த தாடை மூட்டு உள்வைப்புகள் பழுதாகி, 1990இல் அது திவாலானது. உடனே வழக்குகள் டெஃப்ளான் மூலப்பொருளைக் கொடுத்த டூபாண்ட் என்ற பெரிய ரசாயன நிறுவனத்தின் மேல் திரும்பின. ஒரு உள்வைப்பில் இருந்த டெஃப்ளானின் விலை சில சென்ட். பெரும்பாலான வழக்குகளில் டூபாண்ட் வென்றது. ஆனாலும் வழக்காடிய செலவைப் பார்த்து, உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கு மூலப்பொருள் கொடுப்பதிலிருந்தே சப்ளையர்கள் விலகினார்கள். 1998இல் தனிச் சட்டம் போட்டு, கேட்ட தரத்தில் சரியாகக் கொடுத்தவரை வழக்கிலிருந்து சீக்கிரம் விடுவிக்க வழி செய்தார்கள். டூபாண்டே விலகியது என்றால், இரண்டு பிரஸ் வைத்திருக்கிற நாங்கள் எத்தனை நாள் நிற்போம்?

45 நாளில் தர வேண்டிய பணத்துக்கு நான்கு மாதம் நடக்கிறோம். ரப்பர் விலை ஏறினாலும் பழைய விலைக்கே கொடுக்கிறோம். போன வருடம் 'விலைக் குறைப்பு ஒத்துழைப்பு' என்று மூன்று சதவீதம் வெட்டினீர்கள், அதற்கும் தலையாட்டினோம். உங்கள் டிசைன் பிரிவு எடுத்த முடிவுக்கும் நாங்களே பணம் கட்ட வேண்டும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: எங்கள் தவறுக்கு மட்டும் எங்களைப் பொறுப்பாக்குங்கள். காம்பவுண்ட் (ரப்பர் கலவை) மாறியிருந்தால், அளவு பிசகியிருந்தால், சோதனைச் சான்று பொய்யாக இருந்தால் முழுத் தொகையையும் கட்டுகிறோம். ஒவ்வொரு லாட்டிலும் பத்து வளையங்களை எடுத்து வைக்கிறோம். டெபிட் நோட் போடும் முன் அவற்றைப் பொதுவான ஆய்வகத்தில் சோதிக்கச் சம்மதியுங்கள். டிராயிங்கில் என்ன திரவம், எவ்வளவு வெப்பம், எவ்வளவு அழுத்தம் என்று மூன்று விவரம் சேருங்கள். எங்கள் தவறுக்கு மட்டும் எங்கள் பொறுப்பு என்று பதினான்காம் பிரிவைத் திருத்தி அனுப்புங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்தச் சுடுநீர் இணைப்புக்கு இ.பி.டி.எம். வளையம் மாதிரி பத்து செய்து தயாராக வைத்திருக்கிறேன். தயவுசெய்து ஆளனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் வேண்டாம். பழைய வளையம் இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ, அவற்றை முதலில் மாற்றிவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு ரப்பர் உதிரிபாக சப்ளையர், கோவை