பதவியை விட்டுக்கொடுத்த முதலமைச்சர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறுதோறும் எங்கள் ஆலயத்தில் ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கிறோம். நாங்கள் கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படி அவர்களுக்கு ஞானமும் நல்ல ஆலோசனையும் வேண்டும் என்று கேட்கிறோம். தம் கையில் இருப்பதை விட்டுக்கொடுக்கும் மனம் அவர்களுக்கு வேண்டும் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. வடகிழக்கு மாநிலமான மிசோரமில் அமைதி வந்த கதையைப் படித்த பிறகு, முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

1959-இல் மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சல் அழிந்து மிசோ மலைகளில் பஞ்சம் வந்தபோது அரசு போதிய கவனம் காட்டவில்லை என்ற மனக்கசப்பே பின்னர் ஆயுதப் போராட்டமாக வளர்ந்தது. லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி 1966-இல் தனிநாடு கோரிக் கிளர்ந்தெழுந்தது. அவ்வாண்டு மார்ச் 5 அன்று இந்திய விமானப் படை, மிசோரமின் இன்றைய தலைநகரான ஐஸ்வால் மீது குண்டு வீசியது. அடுத்த ஆண்டு முதல் நூற்றுக்கணக்கான கிராமங்களின் மக்கள் வீட்டையும் விளைநிலத்தையும் விட்டு, சாலையோரக் குடியிருப்புகளுக்குக் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டார்கள். இத்தனையும் நடந்த மண்ணில் 1986 ஜூன் 30 அன்று மைய அரசுக்கும் மிசோ தேசிய முன்னணிக்கும் இடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகி, இன்றளவும் முறியாமல் நிற்கிறது.

இதற்காகப் பலர் உழைத்தார்கள். பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் திருச்சபைகளின் தலைவர்கள் ஆயுதத்தைக் கண்டித்ததோடு நில்லாமல், இரு தரப்பையும் பேச்சுக்கு இணங்கச் செய்யப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஆனாலும் என் மனத்தில் நிற்பவர் அன்றைய முதலமைச்சர் லால்தன்ஹவ்லா. காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்த அவர், அமைதி உடன்பாடு ஏற்பட்டால் லால்டெங்காவுக்காகப் பதவி விலகுவேன் என்று 1984 தேர்தலின்போதே மக்களிடம் சொல்லியிருந்தார். சொன்னபடியே 1986 ஆகஸ்டில் விலகி, இருபது ஆண்டுகள் அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் தலைவரை முதலமைச்சராக்கி, அவருக்குக் கீழே துணை முதலமைச்சராகப் பணியாற்றினார். அவர் பிற்காலத்தில் பலமுறை முதலமைச்சரானார் என்பதால் இது பெரிய இழப்பில்லை என்று சிலர் சொல்லக்கூடும். நாற்காலியை விட்டு எழுந்த அன்று அவருக்கு அது தெரியாதே. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலிலும் மிசோ தேசிய முன்னணிதான் வென்றது.

லால்டெங்காவும் விட்டுக்கொடுத்தவரே. தனிநாடு என்ற கோரிக்கையைக் கைவிட்டார்; ஆட்சி கவிழ்ந்து, 1989 தேர்தலில் தோற்றபோதும் அவர் மீண்டும் காட்டுக்குத் திரும்பவில்லை. மைய அரசு தன் பங்குக்கு மாநிலத் தகுதி அளித்ததுடன், மிசோக்களின் சமய, சமூக வழக்கங்களையும் வழக்காற்றுச் சட்டத்தையும் நில உரிமையையும் தொடும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் அம்மாநிலச் சட்டமன்றத்தின் இசைவின்றிச் செல்லாது என்று அரசமைப்பின் 371ஜி பிரிவில் எழுதிக் கொடுத்தது. 'உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்' என்ற ஆண்டவரின் வார்த்தையைத் தனிமனிதருக்கான தாழ்மைப் பாடமாகவே பிரசங்கங்களில் கேட்டுப் பழகியிருக்கிறோம். அது ஆட்சி நடத்துவோருக்கும் பொருந்தும் என்பதற்கு ஐஸ்வாலில் ஒரு சான்று இருக்கிறது.

மறைக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. கிறிஸ்தவனாக அதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்குக் கூடுதலாகவே இருக்கிறது. மக்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாக உள்ள அதே மிசோரமிலிருந்துதான் 1997-இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புரூ பழங்குடியினர் வன்முறைக்கு அஞ்சித் திரிபுராவுக்குத் தப்பியோடினார்கள். இரண்டு தலைமுறை முகாம்களில் வளர்ந்தது. 2020 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாடு அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்த வழி செய்ததே தவிர, சொந்த ஊருக்குத் திரும்பும் நம்பிக்கையை அவர்களில் பெரும்பாலோரிடம் யாராலும் ஏற்படுத்த முடியவில்லை. பெரிய அரசிடமிருந்து தமக்குப் பாதுகாப்புக் கேட்டுப் பெற்ற சமூகம், தன்னிலும் சிறிய சமூகத்துக்கு அதே பாதுகாப்பைக் கொடுக்கத் தவறியது. 'சமாதானமில்லாதிருந்தும், சமாதானம் சமாதானம் என்று சொல்லி, என் ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்' என்று எரேமியா தீர்க்கதரிசி புலம்பியது சபைகளையும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அண்டை மாநிலமான மணிப்பூரை நினைக்கும்போது நெஞ்சம் பதறுகிறது. அங்கே சமவெளியில் வாழும் மெய்தெய் மக்களுக்கும் மலைகளில் வாழும் குக்கி-சோ மக்களுக்கும் இடையே 2023 மே 3 அன்று தொடங்கிய மோதலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தேவாலயங்களும் கோயில்களும் எரிந்தன. உயிர் தப்பிய குக்கி-சோ மக்கள் ஆயிரக்கணக்கில் மிசோரமில் தஞ்சம் புகுந்தார்கள். மணிப்பூர் முதலமைச்சர் பதவி விலகியதோ 2025 பிப்ரவரியில். அந்த இருபத்தொரு மாதங்களில் விட்டுக்கொடுத்திருக்கக்கூடியவர் அவர் ஒருவர் மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. மெய்தெய், குக்கி, நாகா சமூகங்களின் தலைவர்களும், மைய அரசும், அங்குள்ள சபைகளின் மேய்ப்பர்களும் தத்தம் பக்கத்தில் எதை விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சமவெளிக்காரர் மலைக்கும் மலைக்காரர் சமவெளிக்கும் அச்சமின்றிப் போய்வரும் நாள் அதற்குப் பிறகே வரும்.

மிசோரமில் ஜூன் 30-ஐ 'ரெம்னா நி', அதாவது அமைதி நாள் என்று கொண்டாடுகிறார்கள். தமிழ் வாசகர்களில் பலர் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. வரும் ஜூன் மாதத்தில் லால்தன்ஹவ்லா பதவி விலகிய வரலாற்றையும், அத்துடன் புரூ மக்களின் இன்றைய நிலையையும் விரிவான கட்டுரையாகத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.