பிராங்க்பர்ட்டின் ஐ.ஜி. ஃபார்பன் கட்டடம்: பெயர் அப்படியே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தொழில் நிறுவனங்களின் தலைமையகங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலுள்ள மாபெரும் அலுவலகக் கட்டடம் ஒன்று, அதை வடிவமைத்த ஹான்ஸ் போல்ட்சிக்கின் பெயரால் ‘போல்ட்சிக் கட்டடம்’ என்றே முழுக்கக் குறிப்பிடப்பட்டிருந்தது. அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதற்கு ‘ஒரு வேதிப்பொருள் நிறுவனம்’ என்பதற்கு மேல் இடம் கிடைக்கவில்லை. கட்டுரையாளரின் ரசனையில் நான் குறை காணவில்லை. பணிக்காலம் முழுவதும் கட்டடப் பொறியாளராக இருந்தவன் என்பதால் அந்தக் கட்டடத்தின் மீது எனக்கும் நெடுநாள் மயக்கம் உண்டு. ஆயினும் அதை ‘ஐ.ஜி. ஃபார்பன் கட்டடம்’ என்று சொல்வதுதான் முறை என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

‘ஃபார்பன்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு நிறங்கள், சாயங்கள் என்று பொருள். பி.ஏ.எஸ்.எஃப்., பேயர், ஹெக்ஸ்ட், அக்ஃபா உள்ளிட்ட ஆறு சாய நிறுவனங்கள் 1925 டிசம்பரில் ஒன்றாக இணைந்தபோது உருவானதே ஐ.ஜி. ஃபார்பன். உலகின் மிகப் பெரிய வேதிப்பொருள் நிறுவனமாக அது விளங்கியது. இவற்றுள் பி.ஏ.எஸ்.எஃப். 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததையும், அதன்பின் ஓரிரு பத்தாண்டுகளுக்குள் அதே நீலச் சாயத்தைத் தரும் இந்தியாவின் அவுரிச் சாகுபடி பெருமளவு சுருங்கிப் போனதையும் நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான நிறுவனம் அன்று.

இணைந்த நிறுவனத்துக்குத் தகுந்த தலைமையகம் வேண்டும் என்று 1928இல் அழைக்கப்பட்ட கட்டடக் கலைஞர்களுக்கு மட்டுமான போட்டி ஒன்று நடத்தப்பட்டு, அதில் போல்ட்சிக்கின் திட்டம் தேர்வாயிற்று. தேர்ந்த இடத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. அங்கேதான் நகரத்தின் மனநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே பணியாற்றிய அலோய்ஸ் அல்சைமர் 1901இல் ஆகுஸ்ட டேட்டர் என்னும் பெண்மணியைச் சோதித்து எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான் இன்று அவர் பெயரால் வழங்கும் மறதிநோய் மருத்துவ உலகுக்கு அறிமுகமாயிற்று. நினைவு அழிவதைப் பற்றிய ஆய்வு தொடங்கிய மண்ணின் மேல் இப்படியொரு கட்டடம் எழுந்ததை நான் தற்செயல் என்றே கொள்கிறேன். ஆனால் மறக்க முடியாத தற்செயல்.

கட்டடத்தைப் பற்றிக் கட்டுரை சொல்லாமல் விட்ட சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் கொண்ட அதன் உடல், நேர்கோடாக இல்லாமல் மெல்லிய வில்லைப் போல வளைந்திருக்கிறது. அந்த வில்லின் குறுக்கே ஆறு பகுதிகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் காலத்துப் பெரிய அலுவலகங்கள் உள்முற்றத்தைச் சுற்றிச் சதுரமாகக் கட்டப்படுவது வழக்கம். அப்படிக் கட்டினால் முற்றத்தைப் பார்க்கும் அறைகளுக்கு வெளிச்சம் குறையும். போல்ட்சிக் முற்றத்தையே கைவிட்டுவிட்டதால், ஏறக்குறைய எல்லா அறைகளுக்கும் பகலொளியும் காற்றும் நேரடியாகக் கிடைத்தன. நீளமான நேர்த் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை வரை தெரிந்து சலிப்புத் தட்டும்; தாழ்வாரமும் சேர்ந்து வளைவதால் இங்கே நடப்பவருக்கு ஒவ்வொரு நேரத்திலும் ஓர் அளவான தூரமே கண்ணுக்குப் படுகிறது. பெரிய கட்டடம் மனிதரைச் சிறுமைப்படுத்தாமல் இருக்க இதைவிட எளிய உபாயத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சுமை முழுவதையும் தாங்குவது எஃகுச் சட்டகம். ஆனால் வெளியே தெரிவதோ மஞ்சள் சாயல் கொண்ட டிராவர்டைன் என்னும் சுண்ணாம்புக் கல் போர்வை. எஃகின் வேகத்தில்தான் இரண்டே ஆண்டுகளில் வேலையை முடிக்க முடிந்தது, கல்லின் கனத்தில்தான் நிறுவனம் விரும்பிய கம்பீரம் வந்தது. நவீனத்தையும் பழைமையையும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று போர்த்தியது சமரசம் என்று குறைசொல்வோர் உண்டு; எனக்கு அது முதலாளியை நன்கு புரிந்துகொண்ட கலைஞரின் தேர்வாகவே படுகிறது. உள்ளே நுழைந்ததும் இருபுறமும் வளைந்தேறும் படிக்கட்டுகள். மேல்தளங்களுக்குச் செல்ல ‘பாட்டர்நோஸ்டர்’ எனப்படும் கதவில்லாத தொடர் மின்தூக்கி. செபமாலை மணிகள்போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் சுழலும் அதன் பெட்டிகளில் ஓட்டத்திலேயே ஏறி, ஓட்டத்திலேயே இறங்க வேண்டும். 1950கள் வரை ஐரோப்பாவின் மிகப் பெரிய அலுவலகக் கட்டடமாக இது பேசப்பட்டது.

இவ்வளவு அழகையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் பெயரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இந்த நிறுவனத்தின் ஆய்வகங்களிலிருந்து முதல் சல்ஃபா மருந்தும், மலேரியாவுக்கான குளோரோகுயினும் வந்தன என்பது உண்மை. அதே நிறுவனம், நாஜி ஆட்சிக் காலத்தில், ஆஷ்விட்ஸ் வதைமுகாம் அருகே மோனோவிட்ஸில் செயற்கை ரப்பர் ஆலை கட்ட, அந்த முகாமின் கைதிகளை நாஜிகளின் எஸ்.எஸ். படையினரிடமிருந்து வாடகைக்குப் பெற்றது என்பதும் உண்மை. திறன் பெற்ற கைதிக்கு நாளொன்றுக்கு 4 மார்க், மற்றவருக்கு 3 மார்க். அந்தப் பணமும் எஸ்.எஸ்.ஸுக்குத்தான் சென்றது, உழைத்தவருக்கு அன்று. நச்சுவாயு அறைகளில் பயன்பட்ட சைக்ளோன் பி-யை விற்ற டெகெஷ் நிறுவனத்தில் ஐ.ஜி. ஃபார்பனுக்கு 42.5 விழுக்காடு பங்கு இருந்தது. ஐ.ஜி. ஃபார்பனை உருவாக்கியோருள் ஒருவரும் பிராங்க்பர்ட்டின் பெருமைக்குரிய குடிமகனுமான ஆர்தர் ஃபான் வைன்பெர்க், யூதப் பிறப்பினர் என்பதால் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டு 1943இல் அங்கேயே இறந்தார். ஆலைகள் வேறெங்கோ இருந்தன, இது வெறும் அலுவலகம்தானே என்று வாதிடுவோருக்கு ஒன்றைச் சொல்வேன்: தலைமையகம் என்பதே கையெழுத்துகளும் கணக்குகளும் வந்து சேரும் இடம்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிராங்க்பர்ட்டின் பெரும்பகுதி குண்டுவீச்சில் சிதைந்தபோது இந்தக் கட்டடம் பெரிய சேதமின்றித் தப்பியது. தமக்கு அலுவலகமாகப் பயன்படும் என்று நேச நாடுகளே விட்டுவைத்ததாக ஒரு கதை வழங்குகிறது. அதை நான் வலியுறுத்த மாட்டேன். நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் 1945இல் இங்கே அலுவலகம் அமைத்தார் என்பது உறுதியான செய்தி. மேற்கு ஜெர்மனியை நிறுவுவதற்கு வழிகாட்டிய ஆவணங்கள் 1948 ஜூலை 1 அன்று பதினொரு மாநிலத் தலைவர்களிடம் இங்கேதான் கையளிக்கப்பட்டன. அதே மாதக் கடைசியில், ஐ.ஜி. ஃபார்பனின் முன்னாள் நிர்வாகிகளுக்கு நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் தீர்ப்பு வழங்கப்பட்டது: விசாரிக்கப்பட்ட 23 பேரில் 13 பேர் குற்றவாளிகள், அதிகபட்சத் தண்டனை எட்டு ஆண்டு. தண்டனை பெற்றவர்களுள் ஒருவரான ஃபிரிட்ஸ் டெர் மேர், 1956இல் பேயர் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவராகவே அமர்ந்துவிட்டார்.

பெயர் மாற்றும் முயற்சியும் புதிதன்று. அமெரிக்க ராணுவம் 1975இல் தன் தளபதி ஒருவரின் பெயரை இதற்குச் சூட்டியது. அது ராணுவம் 1995இல் வெளியேறியதோடு போயிற்று. ஹெஸ்ஸன் மாநிலம் கட்டடத்தை வாங்கிப் புதுப்பித்து 2001இல் கோத்தே பல்கலைக்கழகத்துக்கு வழங்கியபோது, பல்கலைக்கழகத் தரப்பில் சிலர் போல்ட்சிக்கின் பெயரை முன்வைத்தார்கள். பழியைச் சுமக்காத, திறமையால் மட்டுமே நினைவுகூரத்தக்க ஒருவரின் பெயர் மாணவர்களுக்கு நல்லதென்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்குப் புரியாமல் இல்லை. போல்ட்சிக்கையே நாஜிகள் பதவிகளிலிருந்து ஒதுக்கினார்கள். துருக்கிக்குப் புறப்படவிருந்த நிலையில் 1936இல் அவர் இறந்தார். ஆனால் அப்படிப்பட்டவரின் பெயரைத் தம்மை ஒதுக்கிய ஆட்சியோடு கைகோத்த நிறுவனத்தின் மேல் திரையாகத் தொங்கவிடுவது அவருக்கும் பெருமை சேர்க்காது. எதிர்ப்பு எழுந்தது, விவாதம் நடந்தது; இன்றளவும் மக்கள் வாயில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெயரே நிலைத்திருக்கிறது.

அந்த வளாகத்தின் பூங்காவில் 2008இல் நோர்பெர்ட் வொல்ஹைம் என்பவரின் பெயரில் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. மோனோவிட்ஸில் உழைக்க வைக்கப்பட்டு உயிர்பிழைத்த அவர், கூலியும் இழப்பீடும் கேட்டு அதே நிறுவனத்தின் மீது 1951இல் வழக்குத் தொடுத்தார். 1953இல் பிராங்க்பர்ட் நீதிமன்றம் அவருக்கு 10,000 மார்க் வழங்கத் தீர்ப்பளித்தது. பழைய வாயிற்காவல் குடில் ஒன்றில் அமைந்த அந்த நினைவிடத்தின் வாசலுக்கு மேலே 107984 என்று எழுதியிருக்கிறது. அது அவருடைய கைதி எண். மரங்களுக்கிடையே நிறுத்தப்பட்ட பலகைகளில் கைதிகளின் பழைய நிழற்படங்கள். முகாமுக்கு முந்தைய காலத்தவை, பள்ளி வயதிலும் குடும்பத்தினருடனும் சிரித்துக்கொண்டிருக்கும் முகங்கள்.

அந்த எண்ணுக்கும் அந்தப் படங்களுக்கும் எதிரில் நிற்பது ‘போல்ட்சிக் கட்டடம்’ என்றால், பூங்காவுக்கு வரும் ஒருவருக்கு அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பதே விளங்காது. ஆகவே கட்டுரையின் அடுத்த பகுதியிலேனும் கட்டடத்தின் முழுப் பெயரையும் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்